பிளந்த பலகை

கோடரியை ஓங்கி இறக்கினேன். பலகை துள்ளி வந்து என் நெற்றியில் மோதியது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. விடவில்லை, இன்னும் பலமாய்க் கொத்தினேன்.

அந்தப் பனிச்சறுக்குப் பலகையை நேற்றுத்தான் மகள் துஷானியும் மனைவி சிவமலரும் டோர்ட்மண்ட் நகரக் கடையில் தெரிவு செய்தார்கள். இரண்டாய்ப் பிரித்தால் மலையேறலாம்; சேர்த்தால் ஆள் போகாத புதுப்பனியில் குத்துக்கரணம் அடித்து இறங்கலாம்.

"இது விறைப்பு, கரணத்துக்குச் சரிவராது. மற்றதை எடுங்கோ" என்று சிவமலர் கடைக்காரனையே திருத்தினாள்.

பெற்ற பிள்ளையைப் பனிச்சரிவுக்குள் அனுப்பும் தாய்! அதிலும் பக்தை. நான் கரம் போர்டில் காய் சுண்டும் ஞாயிறுகளில் மகளோடு கோயிலுக்குப் போவாள். வீதி சுற்றி அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்தேன் என்று முழங்கால் கன்றித் திரும்புவாள்.

சத்தம் கேட்டுத் துஷானி நிலவறைக்கு ஓடிவந்தாள்.

"அப்பா! என்ன செய்யிறியள்?"

"நீ பனிக்குள்ள புதையிறதைப் பார்க்க என்னால ஏலாது, பிள்ளை!"

"எனக்கு ஏணியில ஏறினாலே தலைசுத்தும். நான் கார் மட்டும்தான் ஓடுறனான்."

"அப்ப இந்தப் பலகை ஆரின்ரை?"

"அம்மான்ரை."

"அந்த முழங்கால் காயம்?"

"விழுந்தது உண்மை. கோயிலிலை இல்லை."

பின்னால் சிவமலர் நின்றாள். சிதறிய பலகையைப் பார்த்தாள். தன் சால்வையை உருவி என் நெற்றியில் இறுக்கிக் கட்டினாள். பிறகு கோடரிக்குக் கை நீட்டினாள்.

"உங்கட கரம் போர்ட் எங்க?"

நானே தூக்கிவந்து வைத்தேன். நெற்றியைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன்.