கை காட்டியவன்

நங்கூரம் எட்டாத ஆழ்கடலில், எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல் இன்ஜின்களின் பலத்தில் மட்டும் நகராமல் நிற்கிறது. மேல்தளத்தில் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. வேலை போன கிரேன் ஓட்டுநர் உயிர்காப்பு அங்கியின் வாரை இறுக்கிக்கொண்டு, ஹெலிகாப்டர் இறங்குவதைப் பார்க்கிறார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பவன் மைத்துனன். யார் யார் காலையோ பிடித்து அவனை இந்தக் கப்பலில் சேர்த்துவிட்டவர் அவர்தான். முந்தாநாள் கிரேனில் தொங்கிய குழாய்க் கட்டைக் கீழிருந்து 'வா, வா' என்று கையசைத்து அழைத்தவன், பாதியில் முதுகைத் திருப்பி யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். குழாய்க் கட்டு தளத்தின் விளிம்புக் கம்பியில் இடித்து, அறுந்து கடலுக்குள் போனது. விசாரணையில், "நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன், அவர்தான் பார்க்கல" என்று கூசாமல் சொல்லிவிட்டான். மனைவியின் முகம் கண்முன் வந்து நின்றதால் இவர் வாயே திறக்கவில்லை.

இறக்கைக் காற்று இருவரின் சட்டையையும் படபடவென அடிக்கிறது. மைத்துனன் காதருகே வந்து கத்துகிறான்.

"அக்காகிட்ட நேத்தே பேசிட்டேன் மாமா. நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேணாம்."

"என்னடா சொன்னே?"

"விசாரணையில சொன்னதைத்தான்."

"அவ என்ன சொன்னா?"

அவன் கடலைப் பார்க்கிறான். "தம்பி கை காட்டியும் பார்க்காம, அந்த மனுஷனுக்கு அப்படி என்ன நினைப்புன்னு அழுதா."

அவர் பையைப் பிடித்திருக்கும் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார். பையை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஹெலிகாப்டரை நோக்கி நடக்கிறார்.