உப்பில்லாத வேர்க்கடலை

“உப்பே இல்லையே, மேடம்?”

முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு, மேசைமேல் இருந்த கிண்ணத்திலிருந்து மூன்றாவது வேர்க்கடலையையும் எடுத்து மென்று பார்த்த பிறகுதான் பிரெஸ்டன் விட்லாக் இந்த முடிவுக்கு வந்தார்.

“உப்பு அவங்களுக்கு ஆகாது, சார்,” என்றாள் பட்டறைக்காரி வெர்னா.

விட்லாக் உடனே குறிப்பேட்டைத் திறந்தார். ‘வாடிக்கையாளரின் இரத்த அழுத்தத்திலும் அக்கறை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அவர் மாவட்ட வாகனத் தொழில் மீட்சி ஆலோசகர். தொற்று வந்து ஊர் வீட்டுக்குள் முடங்கியதிலிருந்து, கார் பழுதுபார்க்கும் பட்டறைகள் மீண்டும் தலைநிமிர்வது எப்படி என்று நான்கு இணையவழிச் சொற்பொழிவுகள் ஆற்றியிருந்தார். முதலாவதைக் கேட்கப் பதினோரு பட்டறைகள் இருந்தன. நான்காவது முடிந்தபோது மிச்சிகனின் அந்த மூலையில் மூன்றுதான் மிஞ்சியிருந்தன.

அந்த மூன்றில் இரண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. வெர்னாவின் பட்டறையில் மட்டும் வண்டிகள் வாசலைத் தாண்டித் தெருவரை நின்றன. மாவட்டத்துக்கு வந்திருப்பதோ ஒரே ஒரு மீட்சி நிதி. அது யாருக்கு என்பதை விட்லாக் இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

கிடைத்தால், மார்ச் மாதம் கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மெக்கானிக்குகளையும் பனி விழுமுன் திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்று வெர்னா கணக்குப் போட்டிருந்தாள். இப்போது வேலைக்கு லானி ஒருவன்தான். அவனுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“ஊரே வண்டிய வாசல்ல நிறுத்திட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கு. ஓடாத வண்டி எப்படி மேடம் ரிப்பேராகும்?”

“ஓடுற வண்டிக்கு ஒரு நோவு, நிக்கிற வண்டிக்கு ஒரு நோவு, சார். நின்னா ஒயரிங் போயிடுது.”

‘அசைவின்மைவழித் தேய்மானம்’ என்று எழுதினார் விட்லாக். அந்தச் சொல் அவருக்கே பிடித்துப்போய்விட்டது. இன்னொரு கைப்பிடிக் கடலையை அள்ளிக்கொண்டார்.

“சரி, மத்த ரெண்டு பட்டறை இருக்கிற தெருவுலயும்தான் வண்டிங்க ஓடாம வீட்டு வாசல்ல நிக்குது. உங்ககிட்ட மட்டும் ஏன் இந்தக் கூட்டம்? அப்படி என்னதான் செய்றீங்க?”

“பெரிசா ஒண்ணுமில்ல. தெனம் சாயங்காலம் தெருத்தெருவா நடப்பேன். ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் கொஞ்ச நேரம் நிப்பேன். அவ்வளவுதான்.”

“விளம்பரம்?”

“கெடையாது.”

“தள்ளுபடி?”

“எதுக்கு? அதெல்லாம் தானா வருது.”

விட்லாக் மறுபடியும் குறிப்பேட்டின்மேல் குனிந்தார். ‘காலடிவழி உறவு வளர்ப்பு’ என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதைத்தான் மேடம் என் மூணாவது சொற்பொழிவுல அடிச்சு அடிச்சுச் சொன்னேன்.”

“கேட்டேன் சார். பாதியில தூங்கிட்டேன். ஆனாலும் எப்படியோ மனசுல எறங்கிடுச்சு.”

“நீங்க இதை மத்த பட்டறைக்காரங்களுக்கும் சொல்லிக் குடுக்கணும்.”

வெர்னா அவசரமாகத் தலையை ஆட்டினாள். “அது மட்டும் வேணாம் சார். எல்லாரும் செஞ்சா ஊரு தாங்காது.”

‘தன்னடக்கம்’ என்று எழுதிவிட்டு விட்லாக் குறிப்பேட்டை மூடினார். பையிலிருந்து படிவத்தை எடுத்து, வெர்னாவின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தன் ஐந்தாவது சொற்பொழிவே இந்தப் பட்டறையைப் பற்றித்தான் என்று அறிவித்தார்.

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் உண்மையானதுதான்.

“உங்க வீடு எங்க சார்?”

“மில் தெரு. ஏப்ரல்லேருந்து வீட்டுலதான் வேலை. இந்தப் புது வண்டியும் ஆறு மாசமா வாசல்லதான் நிக்குது. இன்னைக்குத்தான் வெளியவே எடுத்தேன்.”

“வாசல்ல மரம் ஏதும் இருக்கா?”

“பெரிய ஓக் மரம் ஒண்ணு இருக்கு. ஏன் மேடம்?”

“நல்லதாப் போச்சு. மரம் இருந்தா வீட்டுக்கே ஒரு உயிர்ப்பு, பாருங்க.”

மாவட்ட அலுவலகத்தில் யாரும் இதுவரை தன் வீட்டு மரத்தை விசாரித்ததில்லை என்று விட்லாக் நினைத்துக்கொண்டார். கிண்ணத்திலிருந்து கடைசியாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு விடைபெற்றார்.

அவருடைய வண்டி தெருமுனை திரும்பியதும், லானி ஒரு பானெட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். அவன் கையில் நைந்துபோன ஒயர்க் கற்றை.

“இதுவும் அணில் கடிச்சதுதான், மொதலாளியம்மா. இன்னைக்கு இது நாலாவது வண்டி. இந்த ஊரு அணிலுக்கெல்லாம் இந்த வருஷம் என்ன கேடு வந்துச்சோ, பொந்த விட்டுட்டு எஞ்சினுக்குள்ள குடித்தனம் பண்ணுதுங்க.” அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். “அது கெடக்கட்டும். நிதி கைக்கு வந்ததும் மொதல்ல என்ன வாங்கப் போறீங்க? புது லிஃப்டா?”

வெர்னா சாயங்கால நடைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். விட்லாக் தின்றது போக அடியில் நாலைந்துதான் கிடந்தன.

“ரெண்டு மூட்டை வேர்க்கடலை. மில் தெரு இன்னும் பாக்கியிருக்கு.”