சுத்தமான பூஜ்யம்

"ஒன்னுமே வரல அத்தை. சுத்தமா பூஜ்யம்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த மருமகள், மாமியாரை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள்.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மீத்தேன் வாயுவை மெத்தனால் திரவமாக மாற்றும் வினையூக்கிக்காக நாலு வருஷமாக ஆய்வகமே கதியென்று கிடக்கும் பெண். தோற்றுத் தோற்று மூளை குழம்பிவிட்டதோ?

"உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி."

"மூணு தடவை மெஷின்ல வச்சுப் பார்த்துட்டேன் அத்தை. மெத்தனால் ஒரு சொட்டு இல்ல." மருமகள் சோபாவில் ஏறிக் குதித்தாள்.

மாமியார் நைசாகச் சமையலறைக்குள் நழுவி மகனுக்குப் போன் போட்டாள். "உன் பொண்டாட்டி நிலைமை சரியில்லடா. உடனே வா."

திரும்பி வந்து மருமகளின் தலையைத் தடவினாள். "போனா போகுது. நாளைக்கு வராமலா போயிடும்?"

"நேத்தே நிறைய வந்துச்சு அத்தை. பாட்டில் கழுவ வச்சிருக்கிற மெத்தனால் ஒட்டியிருந்து ஏமாத்துதோன்னு மூச்சு விடல. அதான் இன்னிக்கு மீத்தேன் சிலிண்டரைத் திறக்காமலே ஓட்டிப் பார்த்தேன். போன ரெண்டு தடவையும் இந்தச் சோதனையிலதான் மெத்தனால் வந்து மானத்தை வாங்கிச்சு."

"இன்னிக்கு?"

"ஒன்னுமே வரல."

மாமியார் யோசித்தாள். "அப்போ நேத்து வந்ததெல்லாம்..."

"மீத்தேன்லேர்ந்து வந்த அசல் சரக்கு."

மகன் பதறியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, மருமகளோடு கைகோத்துச் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தாள் அம்மா.

"ஒன்னுமே வரலடா" என்றாள், மூச்சு வாங்க.