பல்லி சொன்ன உறவு

ஜாவாவில், பாவைக்கூத்து அருங்காட்சியகம் ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் தோல்பாவை ராஜாவும் அரக்கனும் எதிரெதிரே நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த பல்லி மெல்ல உள்ளே நுழைந்தது.

“நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?”

“யாரைப் பார்த்து என்ன கேக்குற? நான் ராஜ வம்சம், இவன் அரக்கக் கூட்டம்!” என்று எகிறினார் ராஜா.

பல்லிக்கு ஆவல் அடங்கவில்லை. பின்பக்கம் ஊர்ந்து போய்ப் பார்த்தது. சாயம் உதிர்ந்த இடத்தில் எருமைத்தோல் தெரிந்தது. ஒரே தழும்பு, ராஜா முதுகில் பாதி, அரக்கன் முதுகில் மீதி.

“ரெண்டு பேரும் ஒரே எருமைதான்” என்றது பல்லி.

“பொய்! இவனுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான் சொல்றது நிஜம்னா, பல்லி சத்தம் கொடுக்கட்டும்!”

பல்லி வாயே திறக்கவில்லை.

அரக்கன் தயங்கித் தயங்கி, “அண்ணே…” என்றான்.

“ச்சு… ச்சு… ச்சு” என்றது பல்லி.