ஆப்சலூட்லி

"நீயும் வருகிறாயா?" என்று ஜப்பானிய அதிகாரி என்னிடம் இங்கிலீஷில் கேட்டான்.

பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்ற ஆட்களிலிருந்து சயாமில் ரயில்பாதை போட நாற்பது பேரைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் அங்கே கணக்கு எழுதும் சின்னக் கிராணி. ஆட்களின் பேர் எழுத இங்கிலீஷ் தெரிந்த ஒருவன் வேண்டுமாம். கிராணிமாருக்குக் கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் வரலாம்.

சயாமுக்குப் போன யாரும் அதுவரை திரும்பியதில்லை.

நான் நெஞ்சை நிமிர்த்திக் கணீரென்று சொன்னேன்: "ஆப்சலூட்லி!"

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. மிச்ச இங்கிலீஷ் எல்லாம் வெள்ளைக்காரத் துரையின் வாயிலிருந்து பொறுக்கியது. யார் லீவு கேட்டாலும் துரை மேசையைத் தட்டி, "ஆப்சலூட்லி நாட்!" என்று கத்துவார். முதல் வார்த்தைதான் 'முடியாது', பின்னால் வரும் 'நாட்' சும்மா அழுத்தத்துக்கு என்று நானாக முடிவுகட்டினேன். துரை சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு, 'நாட்'டை வெட்டிவிட்டு நானும் அதையே கத்தினேன். ஆட்கள் தலைகுனிந்து திரும்பிப் போனார்கள். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அதிகாரியின் முகம் மலர்ந்தது. தோளில் தட்டி, பட்டியலில் முதல் பேராக என் பேரை என்னையே எழுதச் சொன்னான்.

நான் சொன்னது 'கட்டாயம் வருகிறேன்' என்பது அப்போதுதான் விளங்கியது. 'நோ' என்று ஒரு சொல் போதும். அது எனக்குத் தெரியும்.

பின்வரிசையில் பால்வெட்டுக்காரன் முனியாண்டியும் இன்னும் எட்டுப் பேரும், லாரி வருவதற்குள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட ஓரமாக நகர்ந்திருந்தார்கள். முனியாண்டி நின்று திரும்பினான்.

"கிராணியாரே, நெசமாவே நீங்களும் எங்ககூட வாறீங்களா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கிராணிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஒன்பது பேரும் தைரியமாக வரிசைக்குத் திரும்பி வந்தார்கள்.

பேர் எழுதுகிறவனுக்குக் கூடாரத்து நிழலில் வேலை. நான் பிழைத்து வந்தேன். அந்த ஒன்பது பேரில் ஒருவரும் வரவில்லை.

முனியாண்டியின் மனைவி மருதம்மாள் இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறாள். தன் புருஷனைத் தனியே விடாமல், தானே முன்வந்து கூடப் போனவன் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.