விலாசத்துக்கு அடுத்த வரி

"இந்த நாய்க்கு உட்காரக்கூடத் தெரியவில்லை" என்றாள் காப்பகத்துப் பெண் ஆங்கிலத்தில்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றது பிஞ்சு.

"இரு" என்றேன்.

உடனே பின்னங்காலை மடக்கி இருந்தது.

வியாழக்கிழமை காலை, ஹென்டர்சனில் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து, பிஞ்சுவை வளர்த்த கேதீஸ்வரன் அண்ணையைக் குடிவரவு அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு வருடமாக விசா இல்லாதவர். இந்தக் கிழமை முடிவதற்குள் விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். திறந்து கிடந்த கேற் வழியாக நாய் தெருவுக்கு வந்திருக்கிறது.

காப்பகத்திலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. நகரசபை அலுவலகத்தில் நாய்களைப் பதிகிறவள் என்பதால் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

போன குளிர்காலத்தில் அவர் என் கவுண்டருக்கு வந்தார். பழக்கடை வேலை, கையில் தோடம்பழ வாசம். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து குட்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது. நாயைப் பதியாமல் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று யாரோ சொன்னார்களாம். என் பெயர் அட்டையை வாசித்ததும் தமிழுக்கு மாறிக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத்தான் விசா இல்லை, தங்கச்சி. இவளுக்கெண்டாலும் பேப்பர் சரியா இருக்கட்டும்."

இருவரும் சிரித்தோம்.

விலாசம் எழுதும் இடத்தில் அவருடைய பேனா நின்றது. சரியான விலாசத்தையே எழுதச் சொன்னேன். தொலைந்தால் நாயை வீட்டில் கொண்டுவந்து விட வேண்டுமல்லவா? ஏதும் விளங்காவிட்டால் போன் எடுக்கும்படி என் நம்பரையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.

பரீட்சை எழுதுகிறவர் போல அழுத்தி அழுத்தி எழுதினார்.

காப்பகத்துப் பெண் அந்தப் படிவத்தின் பிரதியைக் கையெழுத்துக்காக நீட்டினாள். அவர் என் அண்ணாவா என்று கேட்டாள்.

பிஞ்சு இருந்தபடியே அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது.

படிவத்தில் விலாசத்துக்குக் கீழே, உரிமையாளர் கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர், என் நம்பர். உறவு என்ற இடத்தில், சகோதரி.

இந்தப் படிவத்தை நான் செவ்வாய்க்கிழமையும் திறந்தேன். ஒரு பெயரைக் குறிப்பிட்டு விலாசம் கேட்டுக் குடிவரவுத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. வழக்கமாகச் செய்வதுதானே என்றார் மேலதிகாரி. விலாசத்தைப் பிரதியெடுத்து அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனேன்.

அடுத்த வரியை வாசிக்கவில்லை.