பக்கவாட்டில் பார்த்தால்

"என்னங்க, அங்க எங்க போறீங்க? டிவி இங்க இருக்கு!"

டிரைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாஷிங் மெஷின்களைத் தாண்டிப் போய், ஒரு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றுகொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி டிவியைப் பார்த்தார்.

டீச்சருக்கு மானம் போனது. பாலர் பள்ளியில் ஒரே அதட்டலில் வகுப்பையே உட்கார வைப்பவர். அந்த அதட்டல் வீட்டுக்காரரிடம் மட்டும் பலித்ததில்லை.

எதிரே இரண்டு டிவி. ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே விலை. இரண்டும் அவர்கள் கைக்கு எட்டியவை. ஒன்றில் படம் பளிச்சென்று கண்ணைப் பறித்தது, சத்தமும் கணீரென்று இருந்தது. இன்னொன்று கொஞ்சம் மங்கல். சத்தம் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பளிச்சுனு இருக்கறதை எடுத்துடலாம்."

"நேரா நின்னு பார்த்தா பளிச்சுதான். இங்க வந்து பாரு, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போய் ஒண்ணும் தெரியல. அந்த இன்னொண்ணு எந்தப் பக்கம் நின்னாலும் ஒரே மாதிரி தெரியுது."

விற்பனையாளர் மெதுவாகக் கேட்டார். "வீட்ல சோபா எங்க சார் போட்டிருக்கீங்க?"

"டிவிக்கு நேர் எதிர்ல."

"அப்ப பக்கவாட்டுல இருந்து யாரு சார் பார்க்கப் போறாங்க?"

"பல்லி பார்க்கும்," என்றார் டீச்சர். "இவர் இப்படித்தான் தம்பி. பஸ் ஓட்டி ஓட்டி சைடு கண்ணாடியைப் பார்த்தே பழகிட்டார். நேரா இருக்கறது கண்ணுல படாது."

விற்பனையாளர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். டிரைவர் அடக்காமலே சிரித்தார். ஆனால் இறங்கி வரவில்லை. மங்கல் டிவிதான் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் அதைச் சுவரில் மாட்ட ஒருவர் வந்தார். அப்போதும் டிரைவர் சும்மா இருக்கவில்லை. வாசலைத் தாண்டிச் சந்துக்குப் போய், ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க! ஆங்... லேசா இந்தப் பக்கம் திருப்புங்க!"

"சார், சோபாவுல உக்காந்து பார்த்தா கழுத்து வலிக்குமே?"

"வலிச்சா தைலம் தேய்ச்சுக்கறோம். நீங்க திருப்புங்க."

டீச்சருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"ஓ! புது டிவி வாங்கினது தெருவுல போறவங்களுக்கெல்லாம் தெரியணும், அப்படித்தானே? வாங்கினதே மங்கலா இருந்த டிவி. இதுக்கு இவ்வளவு பெருமையா?"

"இருந்துட்டுப் போகட்டுமே," என்று சொல்லிவிட்டு டிரைவர் திரைச்சீலையைச் சுருட்டி ஓரமாகக் கட்டினார்.

சாயங்காலம் டிவியைப் போட்டதும் கால்பந்து ஓடியது. டீச்சர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"எப்ப இருந்து உங்களுக்கு இந்தப் பைத்தியம்? எந்தப் பக்கம் யாரு விளையாடறாங்கன்னாவது தெரியுமா?"

"சிவப்புச் சட்டை நம்ம ஆளுங்க."

"அவங்க எப்ப நம்ம ஆளுங்களானாங்க?"

"இப்பத்தான்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். தெருவுக்கே படம் காட்டும் ஜன்னலையாவது மூடிவிடலாம் என்று போனவர், அங்கேயே நின்றுவிட்டார்.

சந்து ஒடுக்கமானது. எதிர்வீட்டு ஜன்னல் கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. உள்ளே கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தார் எலெக்ட்ரீசியன். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். இனி படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டு டிவி இருந்ததோ மாடியில்.

அவர் கண் இந்த ஜன்னலைத் தாண்டி டிவியிலேயே இருந்தது. சிவப்புச் சட்டைக்காரன் பந்தை உள்ளே தள்ளினான். எலெக்ட்ரீசியனின் கை தானாகவே மேலே போனது. டீச்சரைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்து அகப்பட்ட பிள்ளை மாதிரி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

டீச்சர் மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் டிவியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நம்ம பழைய டிவி கெட்டுப்போறதுக்கு முன்னாடி ஒரு நாள் பார்த்தேன். தலையைத் தூக்கித் தூக்கி நம்ம வீட்டையே பார்த்துட்டிருந்தார். பாவம், பக்கவாட்டுல அந்த டிவியில என்ன தெரிஞ்சிருக்கும்? சத்தமும் அங்க சரியா கேக்காது. சத்தமே இல்லாட்டியும் புரியறது விளையாட்டு ஒண்ணுதான்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் வண்டி நிறுத்துவதில் வந்த சண்டையில், இந்த இரண்டு பேரும் வருஷக்கணக்காக முகம் கொடுத்தே பேசிக்கொள்வதில்லை. எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செருப்பைப் பார்ப்பார்.

"இவ்வளவு தூரம் யோசிச்சவர், ஒரு எட்டு போய் 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டுட்டு வரலாமே?"

டிரைவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"அந்த ஆள்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்! பேச மாட்டேன்னு சொன்னா சொன்னதுதான்." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் டிவி பார்க்கக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"